ஆடிக் கூழும் தைப் பொங்கலும்



ஆடி பிறந்தால் போதும், நம் வாட்ஸ்அப் குழுக்களில் கூழின் பெருமை பேசும் பதிவுகள் வரிசைகட்டி வந்துவிடும். "முன்னோர்கள் பருவம் அறிந்து உண்டார்கள், அதனால் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு வாழ்ந்தார்கள்" என்று முடியும். பழைய மாணவர் ஒருவர் அப்படி ஒன்றை எனக்கு அனுப்பி, "ஐயா, இது உண்மையா?" என்று கேட்டிருந்தார். முன்பாதி உண்மை. பின்பாதி வரலாறு அல்ல. ஏன் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் உண்மையைப் பார்ப்போம். ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தவர்கள் நாம். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். வாழ்க்கைமுறையும் இதை ஒட்டியே மாறியது. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் கூதிர்காலத்து ஊர் ஒன்று வருகிறது. குறுகிய வாய் கொண்ட செம்பில் இருக்கும் குளிர்ந்த நீரை யாரும் குடிப்பதில்லை. அகன்ற வாய்ச் சட்டியில் நெருப்பை இட்டுக் குளிர்காய்கிறார்கள். சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. விசிறி மடக்கித் தொங்கவிடப்பட்டு அதில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. குளிருக்கு எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று அன்றே கணக்கு இருந்தது.

அந்தக் கணக்கு நம் வீடுகளிலும் தொடர்ந்தது. அடைமழைக் காலத்தில் வரும் தீபாவளிக்கு இஞ்சி, மிளகு, ஓமம், திப்பிலி சேர்த்த லேகியம். மார்கழிக் குளிரில் மிளகு போட்ட வெண்பொங்கல். சித்திரையில் வேப்பம்பூப் பச்சடி, நீர்மோர், பானகம், நுங்கு. அந்த வெயிலிலேயே வடகமும் வற்றலும் காயவைத்து, காய்கறி கிடைக்காத மழைநாளுக்கு எடுத்துவைப்பார்கள். இவற்றில் உடலறிவு இருக்கிறது. மறுக்கவில்லை.

ஆனால் தட்டில் என்ன விழும் என்பதை உடல் மட்டும் முடிவு செய்யவில்லை. நெற்குதிர் முடிவு செய்தது.

தமிழ்நாட்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பது. அந்த மழையில் வளர்ந்த சம்பா, தையில் வீட்டுக்கு வரும். புதுநெல், கரும்பு, மஞ்சள், மொச்சை, சர்க்கரைவள்ளி எல்லாம் ஒரே நேரத்தில் கைக்கு வருவதால்தான் தைப்பொங்கல் அத்தனை நிறைவான விழா. அங்கிருந்து ஆறு மாதம் தள்ளிப் பாருங்கள். ஆடி வந்துவிடும். குதிரின் அடி தெரியும். மிச்சம் இருப்பது விதை. ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்பதால் அதில் கைவைக்க முடியாது. வயலில் வேலை அதிகம், வீட்டில் தானியம் குறைவு. இருக்கிற கேழ்வரகையும் கம்பையும் நிறைய நீர்விட்டுக் கரைத்தால் ஒரு படி மாவு பத்துப் பேருக்கு வரும். அதுதான் கூழ்.

மாரியம்மன் கோவில் கூழையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். வெப்பக் காலத்தில் அம்மை பரவும். அம்மனை வேண்டுவார்கள். இருப்பவர் இல்லாதவர் எல்லாரும் பிடி தானியம் கொடுத்து, ஒரே கொப்பரையில் காய்ச்சி ஊருக்கே ஊற்றுவார்கள். பசி மாதத்தில் அடுப்பெரியாத வீட்டுக்கும் ஒரு வேளை கஞ்சி போய்ச் சேரும். கேட்டு வாங்குகிற கூச்சமும் இல்லை, அது பிரசாதம். கூழில் இருக்கும் சத்தை விட எனக்கு இந்த ஏற்பாடுதான் பெரிதாகத் தெரிகிறது.

பருவம் தவறினால் என்ன ஆகும்? 1876-இல் மழை பொய்த்தது. பெரியவர்கள் அதைத் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் மடிந்தார்கள். நிவாரண வேலைக்கு வந்த ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சிறு காசும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் குறைத்தார். மண் சுமக்கிறவனுக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். பருவத்தை மட்டுமே நம்பிய தட்டு எவ்வளவு எளிதில் காலியாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நூறாண்டு வாழ்ந்த கதைக்கும் ஓர் எண் சொல்கிறேன். நாடு விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32. பிறந்த குழந்தைகள் பலர் தங்காததும் அதில் அடக்கம். பெரியம்மை இந்தியாவை விட்டுப் போனது 1975-இல், தடுப்பூசியால்.

இந்தச் சங்கிலி எப்படி அறுந்தது? 1934-இல் மேட்டூர் அணை வந்து, காவிரி நீரைத் தேக்கித் திறந்துவிட முடிந்தது. 1960-களில் ஐ.ஆர்.8, ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால நெல் ரகங்கள் வந்தன. அதே காலத்தில் அரிசித் தட்டுப்பாடும் இருந்தது. 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி அரிசி" என்ற வாக்குறுதி எவ்வளவு பேசப்பட்டது என்று உங்கள் தாத்தாக்களைக் கேளுங்கள். பிறகு ரேஷன் அரிசி ஊர் ஊராக வந்தது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011 முதல் விலையில்லை.

எங்கள் வடாற்காட்டு மானாவாரிக் கிராமத்தில் நெல்லுச்சோறு என்பது என் சிறுவயதில் விருந்துச் சொல். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அதற்கு முன் ஆடியில் என் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலியாக இருக்கும். பிள்ளைகள் விதைப்புக்குப் போய்விடுவார்கள். மதியம் சுடுசோறு கிடைக்கும் என்றதும் பலர் திரும்பி வந்தார்கள். இதைப் படிக்கிற உங்களில் சிலர் அந்த வரிசையில் தட்டோடு நின்றவர்கள்தான். ஆடி மாதம் பசி மாதமாக இல்லாமல் போனதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த நாள் திரும்ப வேண்டும் என்று என்னால் ஏங்க முடியாது.

இன்று குதிர் எப்போதும் நிறைந்திருக்கிறது. வெள்ளைச் சோறு மூன்று வேளையும் கிடைக்கிறது. வெயிலில் உழைத்த உடலோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. பழைய காலத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுப்போம். சித்திரையில் குளிர்பானத்தை விட்டு மோர் குடியுங்கள். அந்தந்தப் பருவத்தில் சந்தையில் மலிவாகக் குவியும் காயையும் பழத்தையும் வாங்குங்கள். வாரத்தில் சில நாள் சோற்றுக்குப் பதில் கேழ்வரகோ கம்போ சாப்பிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மட்டும் ஒன்று: கேழ்வரகும் மாவுச்சத்துதான். கூழ் குடிக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கூழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது அதன் வரலாற்றையும் சேர்த்துக் கொடுங்கள். அது பசித்தவர்கள் பகிர்ந்து குடித்த உணவு. இந்த ஆடியில் உங்கள் தெருக் கோவிலில் கூழ் ஊற்றினால் ஒரு படி மாவு கொடுத்துவிட்டு, வரிசையில் நின்று வாங்கிக் குடியுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆடியில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்