கம்ப்யூட்டர் வரலாற்றில் கெடாவுக்கும் பங்கு உண்டு: உங்கள் வீட்டில் ஆதாரம் இருக்கிறதா?

கணினியின் கதையைச் சொல்லும் பெரிய அருங்காட்சியகம் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் இருக்கிறது. ஆனால் அந்தக் கதையின் ஒரு பகுதி நடந்தது நம்ம ஊர்ப் பக்கம்தான்.

அங்கே என்ன இருக்கிறது?

மணிச்சட்டம், துளையிட்ட அட்டைகள், ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் கணினிகள், விரல் நுனியில் அடங்கும் சிப்கள். 1959-இல் அறிமுகமான ஐபிஎம் 1401 கணினியைப் பழுதுபார்த்து, இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். பொருள்கள் மட்டுமல்ல, கணினித் துறையில் உழைத்தவர்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நேர்காணல்களையும் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

கெடாவுக்கு என்ன சம்பந்தம்?

இன்டெல் தனது முதல் மைக்ரோபிராசசரான 4004-ஐ 1971-இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே, அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கு, பாயான் லெப்பாஸில் தொடங்கியது. அது 1975-இல் தீயில் அழிந்தும், நிறுவனம் இங்கேயே தொடர்ந்தது. வேறு பல எலக்ட்ரானிக்ஸ் நிறுவனங்களும் வந்தன.

அங்கு வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். கெடாவின் கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் போனவர்கள் அவர்களில் உண்டு. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கும் வரை, பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறித்தான் தீவுக்குப் போக வேண்டும். 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பிறகு, சிப் வேலை கெடாவுக்கே வந்தது.

அவர்கள் செய்த வேலை என்ன?

மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் சிப்பை அதன் சட்டத்தோடு இணைப்பது. ஒரு கம்பி விலகினாலும் சிப் வீண். பழைய சிப்கள் பலவற்றின் மேல் 'மலேசியா' என்று நாட்டின் பெயர் அச்சாகியிருக்கும். கம்பி இணைத்தவரின் பெயர் எதிலும் இருக்காது.

ஏன் இப்போதே பேச வேண்டும்?

1972-இல் 20 வயதில் வேலைக்குப் போனவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, குடும்பங்கள் வீடு மாறிவிட்டன. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் ஏதாவது ஒன்று குப்பைக்குப் போகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

• பழைய வேலை அட்டை, சம்பளச் சீட்டு, சீருடை இருந்தால் தூக்கிப் போடாதீங்க.

• படங்களின் பின்னால் பெயர், ஆண்டு, இடம் எழுதி வையுங்க.

• அம்மாவோ பாட்டியோ தொழிற்சாலையில் வேலை செஞ்சிருந்தா, கைப்பேசியில் பேச்சைப் பதிவு பண்ணுங்க. முதல் சம்பளம் எவ்வளவு? எத்தனை மணிக்கு பஸ் வரும்? நைட் ஷிஃப்ட் முடிஞ்சா கண் எப்படி இருக்கும்? இப்படிக் கேளுங்க.

• பதிவின் இன்னொரு பிரதியை வேறோர் இடத்திலும் வையுங்க.

மவுண்டன் வியூவில் இருப்பவையும் ஒரு காலத்தில் யாரோ தூக்கிப் போடாமல் வைத்த பொருள்கள்தான்.