ஓவியத்தில் வளர்ந்த இளவரசி

வரலாற்றுச் சான்று என்றதும் கல்வெட்டும் செப்பேடும் நாணயமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு குழந்தையின் உருவப்படமும் அத்தகைய சான்றாகலாம். அதற்குப் பதினேழாம் நூற்றாண்டு ஸ்பெயினிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன்.

ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் அரசவை ஓவியர் டியேகோ வெலாஸ்குவெஸ். 1623-இல் அப்பணியேற்ற அவர் 1660-இல் மறையும்வரை அதில் இருந்தார். மன்னருக்கு 1651-இல் மார்கரிட்டா என்னும் மகள் பிறந்தாள். அவளை வியன்னாவிலிருந்த தாய்மாமன் லியோபோல்டுக்கு மணமுடிப்பதென அரச குடும்பத்தார் எண்ணினர். அது புகைப்படம் தோன்றாத காலம். ஆகவே, பெண் வளர்ந்துவருவதை மணமகன் வீட்டார் காணும்பொருட்டு, அவளுடைய உருவம் அவ்வப்போது தீட்டப்பெற்று வியன்னாவுக்கு அனுப்பப்பட்டது.

இளஞ்சிவப்பு உடையில் ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி. வெண்ணிற உடையில் ஐந்து வயதுச் சிறுமி. 1659-இல் நீலப்பட்டு உடுத்த எட்டு வயதுச் சிறுமி. இம்மூன்று படங்களும் வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. நீல உடையின் வெள்ளிச் சரிகையை நெருங்கி நோக்கினால் தாறுமாறான தூரிகைத் தீற்றல்களே தெரியும். சற்றே விலகி நின்றால் அவையே சரிகையாக மின்னும். இடுப்பின் இருமருங்கும் அகன்று விரியும் அவ்வுடை அரசின் பெருமையைப் பேசுகிறது. முகமோ குழந்தையின் முகமாகவே இருக்கிறது.

அதே 1659-இல் அவளுடைய தம்பி பெலிப்பே புராஸ்பெரோவையும் வெலாஸ்குவெஸ் தீட்டினார். நாட்டின் வாரிசாகப் பிறந்த அம்மகவு நோய்வாய்ப்பட்டது. நம் வீடுகளில் தாயத்துக் கட்டுவதைப் போல, அவன் இடையிலும் காப்புப் பொருள்களும் சிறுமணியும் தொங்குகின்றன. ஒரு கை சிறிய நாற்காலியின்மீது படிந்திருக்கிறது. அதில் வெள்ளை நாய்க்குட்டி ஒன்று படுத்திருக்கிறது. நெடுங்காலம் சிறுவர்களோடு பழகிய ஆசிரியனாகிய எனக்கு, வெளிறிய அம்முகத்தை நோக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. 1661-இல், நான்கு வயது நிரம்புமுன்பே அவன் இறந்தான். மார்கரிட்டா 1666-இல் பேரரசர் லியோபோல்டை மணந்து, 1673-இல் தன் 21-ஆம் வயதில் உயிர் நீத்தாள்.

இப்படங்களை வரையச் சொன்னது அரசு. அதற்கு வேண்டியவை மணமகளும் வாரிசுமே. ஓவியர் அவ்விரண்டையும் தந்தார். அவற்றோடு இரண்டு குழந்தைகளையும் நமக்கு விட்டுச் சென்றார். ஆகவே, ஓர் உருவப்படத்தைக் காணும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள்: இதனை வரையச் சொன்னவர் யார்? யார் காண்பதற்காக வரையப்பட்டது? கேட்டதற்கு மேலாக ஓவியர் கண்டது யாது? மூன்றாம் வினாவுக்கு விடை தேடும்போது, அரச வரலாற்றுக்குள் மறைந்திருக்கும் மனிதரையும் காண்பீர்கள்.