பாண்டுங் மட்டுமல்ல, ஜகார்த்தாவும்

இந்தோனேசியா என்றால் நம் பாடப்புத்தகங்கள் 1955 பாண்டுங் மாநாட்டோடு நின்றுவிடும். நான் வரலாறு நடத்திய காலத்திலும் அப்படித்தான். ஆனால் அந்த நாடு 2007-ல் செய்த காரியம் அதற்குச் சற்றும் குறைந்ததல்ல என்பது என் எண்ணம்.

1952 முதல் ஒரு நடைமுறை உண்டு. எந்த நாட்டில் ஃப்ளூ பரவினாலும், வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்த ஆய்வகங்களுக்குக் காசு வாங்காமல் அனுப்புவார்கள். அங்கிருந்து அவை தடுப்பூசிக் கம்பெனிகளுக்குப் போகும். கம்பெனிகள் ஊசி தயாரித்து, முதலில் பணம் கட்டும் நாடுகளுக்கு விற்கும்.

2005-ல் இந்தோனேசியாவில் பறவைக் காய்ச்சல் மனிதர்களைத் தாக்கியது. நோய் கண்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பிழைக்கவில்லை. ஓரிரு ஆண்டுகளில் உலகிலேயே அதிக உயிர்ப்பலி அங்கேதான். மாதிரிகளை அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வைரஸை வைத்து ஓர் ஆஸ்திரேலியக் கம்பெனி தடுப்பூசி தயாரிப்பது பிறகுதான் தெரியவந்தது. நோய் எங்களுடையது, மருந்து மட்டும் விலைக்கா என்று கேட்டார் சுகாதார அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரி. மாதிரி அனுப்புவது நின்றது.

உலகத்தையே பணயம் வைக்கிறார்கள் என்று மேலை நாடுகளில் கண்டனம். அதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. வைரஸ் மாறுகிறதா என்று பார்க்க மாதிரி வேண்டுமே! (அந்த அம்மையார் பின்னாளில் ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) ஆனால் ஏழை நாட்டின் கையில் அந்த வைரஸைத் தவிர வேறு என்ன பிடி இருந்தது?

2007 மார்ச்சில் ஜகார்த்தாவில் கூட்டம், மே மாதம் ஜெனீவாவில் தீர்மானம், பிறகு நான்கு ஆண்டு இழுபறி. நடுவில் 2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தது. பணக்கார நாடுகள் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு ஊசியை வாங்கிக்கொண்டன. இந்தோனேசியா சொன்னது கண்ணெதிரே நடந்தது. 2011 மே மாதம் உடன்பாடு கையில் வந்தது: மாதிரிகள் தடையின்றிப் போகும், பதிலுக்குக் கம்பெனிகள் அந்த ஆய்வக வலையமைப்பின் செலவில் பாதிக்கு ஈடான தொகையை ஆண்டுதோறும் கட்டும், கொள்ளைநோய் வந்தால் ஊசியில் ஒரு பங்கை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்கும்.

ஆனால் அது ஃப்ளூவுக்கு மட்டும். கொரோனாவுக்குச் செல்லவில்லை. 2021 நவம்பரில் ஒமைக்ரானைக் கண்டறிந்து உடனே உலகுக்குச் சொன்ன தென்னாப்பிரிக்காவுக்குக் கைமேல் கிடைத்தது விமானத் தடை.