ஓர் அறையில் மூவர்

பாரிஸ் மாநகரின் புனித பார்பரா கல்லூரியில் 1529-ஆம் ஆண்டு மூவர் ஒரே அறையில் தங்கிப் பயின்றனர். பீட்டர் ஃபேபர், பிரான்சிஸ் சவேரியார் ஆகிய இருவருக்கும் வயது 23. இஞ்ஞாசியாருக்கோ ஏறத்தாழ 38. மூத்தவருக்குப் பாடங்களில் துணைநின்றவர் ஃபேபர். ஃபேபரின் மனச்சான்றை வாட்டிய கலக்கங்களைப் பொறுமையோடு கேட்டவர் இஞ்ஞாசியார்.

ஆயினும் தம் ஆன்மீகப் பயிற்சிகளை அவர் உடனே அளித்துவிடவில்லை. நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுத்திருந்து, 1534-இல்தான் ஃபேபரை முப்பது நாள் தனிமைத் தியானத்திற்கு அனுப்பினார். உலகப் புகழை நாடி விலகி நின்ற சவேரியாருக்காகவும் காத்திருந்தார்.

அப்பயிற்சிகளில் இளைஞன் நற்செய்திக் காட்சிகளுள் தானே நுழைந்து, நண்பனோடு பேசுவது போல இயேசுவோடு உரையாடுகிறான். வழிகாட்டுபவர் விளக்கத்தைச் சுருக்கி, படைத்தவரும் படைக்கப்பட்டவரும் நேரடியாக உறவாட விட்டு ஒதுங்க வேண்டும் என்பது இஞ்ஞாசியார் வகுத்த நெறி.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, கையில் மணியேந்திச் சிறுவரைக் கூட்டி, செபங்களைத் தமிழில் கற்பித்த சவேரியார் அந்த அறையில் உருவானவரே.

நம் மறைக்கல்வி வகுப்புகள் பிள்ளைகளுக்கு இயேசுவைப் பற்றி நிறையச் சொல்லுகின்றன. அவரோடு தனித்திருக்க அவர்களுக்கு நேரம் தருகின்றனவா?