நடைக்குழுக்கள் வளர்ந்த வரலாறு

இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் வாரத்தில் ஒரு நாள் முற்பகலில், பத்துப் பதினைந்து பேர் மருத்துவ நிலையத்தின் வாயிலிலோ நூலகத்தின் வாயிலிலோ வந்து கூடுவர். பெரும்பாலோர் முதியோர், நோயுற்றுத் தேறியவரும், துணையை இழந்து தனித்து வாழ்பவரும் அவர்களுள் இருப்பர். பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவர் முன்னே செல்ல, மற்றொருவர் எல்லார்க்கும் பின்னே வர, அக்குழு வயலோரத்தையும் ஓடைக்கரையையும் பற்றி நடந்து, அரைமணி அல்லது ஒரு மணி நேரத்தில் மீளும். பின்னே வருபவரின் கடமை, எவரும் தளர்ந்து தனித்து நின்றுவிடாமற் காத்தலேயாம். இதற்குக் கட்டணம் யாதும் இல்லை.

நம் பத்துப்பாட்டில் ஆற்றுப்படைகள் ஐந்து உள. வழி அறிந்தவன் அறியாதவனுக்கு வழி கூறும் பண்பு தமிழர்க்குப் புதியதன்று. ஆயினும் ஆற்றுப்படுத்துவோன் வழியைச் சொல்லித் தன் போக்கிற் செல்வானே யன்றி உடன் வருவானல்லன். உடன் நடந்து செல்லும் இவ்வழக்கம் ஆங்கில நாட்டில் எங்ஙனம் வேரூன்றியது? மருத்துவர் கண்ட புதுமுறை இது என்றே பலரும் எண்ணுவர். அது பாதி உண்மை. மற்றப் பாதியைப் பஞ்சாலைப் புகையிலும் நீதிமன்றக் கூண்டிலும் தேடவேண்டியுள்ளது.

பதினெட்டாம் நூற்றாண்டிலும் அதனை அடுத்தும், ஊர்ப் பொதுவாய்க் கிடந்த நிலங்களைப் பாராளுமன்றச் சட்டங்கள் வாயிலாகவே நிலக்கிழார் வேலியிட்டுத் தமதாக்கிக் கொண்டனர். வடபகுதியின் உயர்ந்த மேட்டுநிலங்கள் கிரௌஸ் என்னும் ஒருவகைக் காட்டுப் பறவையை வேட்டையாடுதற்கென்று ஒதுக்கப்பட்டன. வேட்டைப் பருவம் தொடங்குவது ஆகஸ்டு 12-ஆம் நாள். அஃது ஆண்டில் சில மாதங்களே நீடிக்கும். காவலோ ஆண்டு முழுதும் நடந்தது. அம்மேடுகளின் அடிவாரத்திலேதான் மான்செஸ்டர், ஷெபீல்டு முதலிய தொழில் நகரங்கள் பெருகின. ஆறு நாளும் ஆலையில் உழைத்துப் புகையை உண்ட தொழிலாளி, ஞாயிறன்று தலை நிமிர்ந்தால் மலையைக் காண்பான். ஏற முயன்றாலோ காவலனின் தடியைக் காண்பான்.

இந்நிலையை அவர்கள் வாளா ஏற்றுக்கொண்டாரல்லர். பழைய நடைபாதைகளைக் காப்பதற்கென்று மான்செஸ்டரில் 1826-ஆம் ஆண்டிலேயே ஒரு சங்கம் தோன்றிற்று. 1884-இல் ஜேம்ஸ் பிரைஸ் என்பார் மலைகளில் மக்கள் நடமாட உரிமை வேண்டிப் பாராளுமன்றத்தில் மசோதா கொணர்ந்தார், அது சட்டமாகவில்லை. 1896-இல் போல்ட்டன் நகரத்தார் ஏறத்தாழப் பதினாயிரவர் திரண்டு, அடைக்கப்பட்ட வழியே வின்டர் ஹில் என்னும் குன்றின்மேல் நடந்தனர். அதே ஆண்டில் அண்டையிலுள்ள டார்வென் மக்கள், நெடுநாள் வழக்கிற்குப் பின், தம் ஊர் மேட்டில் உலவும் உரிமையைப் பெற்று ஊர்வலமாய் ஏறினர்.

டார்வென் என்னும் பெயர் நம்மவர்க்கு முற்றும் புதியதன்று. 1931 செப்டம்பரில், வட்டமேசை மாநாட்டிற்குச் சென்ற காந்தியடிகள், அந்நியத் துணி மறுப்பால் வேலையிழந்து வாடிய லங்காஷயர் தொழிலாளரைக் கண்டு அளவளாவியது அவ்வூரிலேதான். அடிகள் 1888 முதல் 1891 வரை இலண்டனில் சட்டம் பயின்ற நாளில், வண்டிக் கூலியை மீத்து நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தவர். நோயின்றி இருந்ததற்கு அந்நடையே காரணம் எனத் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். அவரைப் புலால் மறுப்பில் உறுதிப்படுத்திய நூலின் ஆசிரியர் ஹென்றி சால்ட், மலைகளையும் காடுகளையும் பொதுமக்கட்காகக் காக்கவேண்டும் என்று எழுதியவர்களுள் ஒருவர் என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கது.

குழுவாய் நடக்கும் வழக்கத்தைக் கற்றோரும் மேற்கொண்டனர். அறிஞர் லெஸ்லி ஸ்டீபன் 1879-இல் நண்பர்களைக் கூட்டி ஞாயிறு நடைக்குழு ஒன்றை அமைத்தார். எனினும் நம் கருத்தில், 1900-இல் ஷெபீல்டு நகரில் ஜி. எச். பி. வார்டு என்னும் தொழிலாளி தொடங்கிய கிளாரியன் நடைக்குழுவே இன்றைய குழுக்களுக்கு நேர் மூதாதை. முதல் நடையில் சென்றவர் பதினால்வரே. அவர்கள் சுற்றிவந்த மேடு கிண்டர் ஸ்கௌட் என்பது. அம்மேட்டின் பெயர் பின்னர் நாடெங்கும் ஒலித்தது.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. ஹேபீல்டு என்னும் ஊரருகே ஒரு கல்வெட்டுக் குழியில் ஏறத்தாழ நானூறு இளைஞர் கூடினர். தலைமை தாங்கிய பென்னி ரோத்மன் என்பார்க்கு வயது இருபதே. அவர்கள் அனுமதியின்றிக் கிண்டர் மேட்டில் ஏறினர். வேட்டைக் காவலரோடு கைகலப்பு நேர்ந்தது. காவலர் ஒருவர் காயமுற்றார். ஆறு பேர் கைது செய்யப்பட்டனர். அத்துமீறி நடத்தல் அந்நாட்டில் சிறைக்குரிய குற்றமன்று. ஆதலின் கலகம் விளைத்தார்கள், தாக்கினார்கள் என்பன போன்ற குற்றங்கள் சாட்டப்பட்டன. ஐவர்க்கு இரண்டு திங்கள் முதல் ஆறு திங்கள் வரை சிறை. ரோத்மனுக்கு நான்கு திங்கள். நடைக்குழுக்களின் கூட்டமைப்பினரே இச்செயலை விரும்பவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. பேச்சுவார்த்தையால் பெறவிருந்ததை இளைஞர் கெடுத்துவிட்டனர் என்று அவர்கள் வருந்தினர். ஆனால் அரைநூற்றாண்டுப் பேச்சுவார்த்தை அதுவரை பெற்றுத் தந்தது மிகச் சிறிதே. தண்டனையின் கடுமையோ மக்கள் மனத்தைத் திருப்பிற்று. சில வாரங்களில் வின்னட்ஸ் கணவாயில் நடந்த கூட்டத்திற்குப் பதினாயிரவர் வந்தனர். இரண்டாண்டுகட்கு முன் நம் நாட்டில் நடந்த தண்டி யாத்திரை இவ்விளைஞர்க்கு வழிகாட்டிற்று என்று கூற நாம் துணியோம். நடப்பதையே அறைகூவலாக்கிய இரு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நேர்ந்தன என்ற அளவில் நிற்போம்.

போருக்குப் பின் தொழிற்கட்சி அரசாங்கம் 1949-இல் தேசியப் பூங்காச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 1951-இல் அமைந்த முதற் பூங்கா கிண்டர் மேட்டை உள்ளடக்கிய பீக் மாவட்டமே. 1965 ஏப்ரல் 24-இல் பெனைன் நெடுவழி திறக்கப்பட்டது.

இனி மருத்துவத்தின் பங்கு. ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் இலண்டன் போக்குவரத்து ஊழியர் ஏறத்தாழ 31,000 பேரை ஆராய்ந்து, 1953-இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார். மாடி பஸ்ஸில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். கண்டக்டரோ படியேறி இறங்கியவண்ணம் இருப்பார். இருவரும் ஒரே வண்டியில், ஏறக்குறைய ஒரே வகை வாழ்வினர். எனினும் இதயநோய் கண்டக்டர்களைப் பற்றியது குறைவு. பற்றினாலும் அதன் கடுமை குறைவு. தபால் நிலையத்தில் தெருத்தெருவாய் நடந்து கடிதம் தருவோரையும் அமர்ந்து எழுதுவோரையும் ஒப்பிட்டபோதும் இதுவே தெரிந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் மாடி பஸ்களில் சென்ற நம் அன்பர்கள், கண்டக்டரின் கால்களை அந்நாளில் பொறாமையோடு நோக்கியிருக்கலாம்!

இவ்வுண்மை நடைமுறைக்கு வர நாற்பது ஆண்டுகள் சென்றன. ஆக்ஸ்போர்டுஷயரில் சானிங் காமன் என்னும் சிற்றூரின் மருத்துவர் வில்லியம் பேர்ட், 1990-களின் நடுவில், தம் நோயாளிகளைக் குழுக்களாக ஊர்ப்புற வழிகளில் நடக்கச் செய்தார். நடக்குமாறு அறிவுரை கூறுதல் எளிது. தனித்து நடப்பவர் சில நாளில் நிறுத்திவிடுவர். காத்திருக்கும் தோழரை ஏமாற்ற எவரும் விரும்பார். இம்முறையை 2000-இல் பிரிட்டிஷ் இதய நிதியமும் அரசின் நாட்டுப்புற வாரியமும் சேர்ந்து நாடெங்கும் பரப்பின. பின்னர் 2012-இல், கிண்டர் காலத்துக் குழுக்களின் வழிவந்த நடைச்சங்கமே, புற்றுநோய்த் தொண்டு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து இப்பணியை ஏற்றது.

இங்கு நாம் ஒன்றை வலியுறுத்த விரும்புகின்றோம். மருத்துவர் சீட்டில் நடை என்று எழுதலாம். நடக்க வழி இருந்தாலன்றோ அம்மருந்து செல்லும்? 2001-இல் கால்நடைகட்குக் கோமாரி நோய் பரவியபோது அந்நாட்டு ஊர்ப்புற வழிகள் பெரும்பாலும் அடைக்கப்பட்டன. வழி அடைபட்ட இடத்தில் மருத்துவரின் அறிவுரை பயனற்றுப் போயிற்று. மேட்டுநிலங்களில் உலவும் உரிமையைத் தரும் சட்டம் நிறைவேறியதும் 2000-ஆம் ஆண்டிலேதான். 2004-2005-இல் அது நடப்பிற்கு வந்தது.

கிண்டர் நிகழ்ச்சியின் எழுபதாம் ஆண்டு விழா 2002 ஏப்ரலில் நடைபெற்றது. இளைஞர்மீது அன்று காவலரை ஏவிய டெவன்ஷயர் பிரபுவின் பேரர் அவ்விழாவிற்கு வந்து, தம் பாட்டனாரின் செயல் தவறு என்று பலரறிய மன்னிப்புக் கோரினார். ரோத்மன் அதனைக் கேட்கவில்லை. அவர் அவ்வாண்டு ஜனவரியிலேயே, தம் தொண்ணூறாம் வயதில் காலமாயினார்.