பழைய டி.வி.யை மாற்றலாமா?

2006-ல் தொடங்கிய திட்டத்தில் தமிழக அரசு இலவசமாகத் தந்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியை நம்மில் சிலர் இன்னும் பார்த்து வருகிறோம். படம் தெளிவாக இருக்கும்வரை அதை மாற்ற அவசரம் வேண்டாம். சாதாரண கேபிள் ஒளிபரப்பில் 576 வரிகள்தான். 32 அங்குல எல்.இ.டி.யில் அது மங்கலாகத்தான் தெரியும். ஹெச்.டி. செட்டாப் பாக்ஸும் சேர்த்து வாங்கினால்தான் கொடுத்த காசுக்குப் பலன். கரண்ட் பில் குறையும் என்பார்கள். இந்த இரண்டுக்குமே ஏறத்தாழ 50 வாட்தான்.

பிக்சர் டியூப் போய்விட்டால் மட்டும் அதற்குச் செலவழிக்காதீர்கள். செம்புக்காக வீட்டிலேயே உடைப்பவர்களைப் பார்க்கிறோம். அந்தக் கண்ணாடியில் ஈயம் உண்டு. சுவிட்சை அணைத்த பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். பிரிக்காமல் அப்படியே மின்கழிவு சேகரிப்போரிடம் கொடுத்துவிடுங்கள்.