கிளாமத் ஆறும் மூச்சிழந்த மீன்களும்

2002ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தின் பிற்பாதியில், கலிபோர்னியாவின் வடகோடியில் பசிபிக் கடலைச் சேரும் கிளாமத் ஆற்றின் கடைசி அறுபது கிலோமீட்டர் நீளத்துக்குள் குறைந்தது 34,000 மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. பெரும்பாலானவை சினூக் என்னும் பெரிய சால்மன்கள். கடலில் சில ஆண்டுகள் உண்டு கொழுத்து, தாம் பிறந்த ஓடையைத் தேடி முட்டையிடத் திரும்பியவை. வழியிலேயே, முட்டை வயிற்றில் இருக்கும்போதே இறந்தன. 34,000 என்பது கீழ்வரம்பு மட்டுமே. உண்மையான இழப்பு அதன் இருமடங்கைத் தாண்டியிருக்கலாம் என்று மாநில மீன்வளத் துறையே 2004இல் தன் அறிக்கையில் எழுதியது.

(நம் ஊர் மீன்கடைகளில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கப்படும் காலா மீனுக்கும் இந்த மீனுக்கும் யாதொரு உறவும் இல்லை. காலா கடலும் கழிமுகமும் சார்ந்த வேறொரு குடும்பம். உண்மையான சால்மன் குளிர்நீரின் பிள்ளை.)

சாவுக்குக் காரணம் என்ன? அறிவியலாளர்கள் தந்த விடை தெளிவானது: நோய். 'இக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஓர் ஒட்டுண்ணி, கூடவே காலம்னேரிஸ் என்னும் பாக்டீரியா நோய். இக் நமக்கும் அந்நியமானதன்று. வீட்டில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவர்கள் வெள்ளைப்புள்ளி நோய் என்று அஞ்சுவது இதைத்தான். இரண்டும் அந்த ஆற்றில் எப்போதும் இருப்பவை. அப்படியானால் 'நோய்' என்ற ஒற்றைச் சொல்லோடு விசாரணையை முடித்துவிடலாமா? இறப்புச் சான்றிதழில் 'மூச்சு நின்றது' என்று எழுதுவதைப் போன்றதே அது. பொய்யில்லை, ஆனால் விடையும் இல்லை.

முதலில் மூச்சைப் பற்றியே பேசுவோம். மீன் சுவாசிப்பது நீரில் கரைந்த பிராணவாயுவை. நீர் சூடேற ஏற அது தாங்கும் பிராணவாயு குறைகிறது. 10 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும்; 20 பாகையில் அது 9 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். மீனோ குளிர்ரத்தப் பிராணி. நீர் சூடானால் அதன் உடலும் சூடாகும், உடலின் பிராணவாயுத் தேவையும் ஏறும். வரவு குறையும் அதே வேளையில் செலவு கூடுகிறது. 20 பாகையைத் தாண்டினால் சால்மன் தயங்கும். அதற்குமேல் ஏற ஏற மேல்நோக்கிய பயணத்தை நிறுத்திவிட்டு, குளிர்ந்த கிளையாறு வந்து கலக்கும் மடுக்களில் கூட்டமாக ஒதுங்கும்.

இக் ஒட்டுண்ணிக்கு அந்தக் கூட்டம்தான் விருந்து. குளிர்நீரில் வாரக்கணக்கில் நீளும் அதன் வாழ்க்கைச் சுழற்சி, வெதுவெதுப்பான நீரில் ஒரு வாரத்துக்குள் முடிந்து அடுத்த தலைமுறையை அவிழ்த்து விடுகிறது. அந்தச் சிறுயிர்கள் இரண்டொரு நாளுக்குள் ஒரு மீனைக் கண்டடைந்தாக வேண்டும், இல்லையேல் மடியும். வேகமாக ஓடும் நிறைநீரில் அது கடினம். தேங்கி நகரும் குறைநீரில், தோளோடு தோள் நிற்கும் ஆயிரக்கணக்கான மீன்களிடையே அது மிக எளிது. ஒட்டுண்ணியும் பாக்டீரியாவும் தாக்கிய இடம் செவுள். 2002இல் ஆற்றில் பிராணவாயு அறவே இல்லாமற்போய்விடவில்லை. அதை உள்ளிழுக்கும் உறுப்பு சிதைந்து போயிற்று.

அந்த ஆண்டில் நீர் வழக்கத்துக்கு மாறாகக் கொதிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். செப்டம்பரில் அப்படி வெதுவெதுப்பாக இருப்பது கிளாமத்துக்கு ஏற்கெனவே பழகிப்போயிருந்தது. வழக்கத்துக்கு மாறானவை இரண்டு: ஆற்றில் நீர் மிகக் குறைவு; கடலிலிருந்து வந்த மீன்களோ சராசரிக்கும் அதிகம். சூடு எப்படிப் பழக்கமானது, நீர் ஏன் குறைந்தது என்ற இரு கேள்விகளும் நம்மை ஒரு நூற்றாண்டு பின்னோக்கி அழைத்துச் செல்கின்றன.

கிளாமத் தலைகீழான ஆறு. பொதுவாக ஆறுகள் குளிர்ந்த மலையில் பிறந்து சூடான சமவெளியில் முடியும். இதுவோ ஓரிகன் மாநிலத்தின் ஆழமற்ற அகன்ற ஏரிகளில் தொடங்கி, மலைகளைக் குடைந்து கடலுக்கு இறங்குகிறது. எரிமலை மண் தந்த பாஸ்பரஸ் அந்த ஏரிகளில் இயல்பாகவே மிகுதி. அதை வடிகட்டி வந்தவை சுற்றியிருந்த சதுப்பு நிலங்கள். 1905இல் அமெரிக்க அரசு கிளாமத் பாசனத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தபின், அந்தச் சதுப்புகள் வடிக்கப்பட்டு வயல்களாயின. இரு உலகப் போர்களிலிருந்தும் மீண்ட வீரர்களுக்கு அந்நிலங்கள் பகிர்ந்தளிக்கப்பட்டன; 1946இல் குலுக்கலுக்கான பெயர்ச்சீட்டுகளை ஓர் ஊறுகாய் ஜாடியிலிருந்து எடுத்தார்களாம். வடிகட்டி போனது, ஏரியில் பாசி பெருகியது. பாசி மடிந்து அழுகும்போது நீரின் பிராணவாயுவைத் தின்றுவிடும். மேல் கிளாமத் வடிநிலத்துக்கே உரிய சக்கர் மீன்கள் மேல் கிளாமத் ஏரியில் கோடைகளில் மூச்சுத் திணறிக் கூட்டமாக மாண்டது இதனால்தான்.

ஏரிக்குக் கீழே மின்சாரத்துக்கான அணைகள் வந்தன. 1918இல் முதலாம் காப்கோ, 1925இல் இரண்டாம் காப்கோ, 1958இல் ஜே.சி. பாயில், 1962இல் அயர்ன் கேட். முதல் அணையோடு ஓரிகன் பக்கத்துப் பூர்வகுடிகளான கிளாமத் மக்களுக்குச் சால்மன் வரத்து அற்றுப்போனது. இந்த நீர்த்தேக்கங்கள் கோடை முழுதும் வெயிலை வாங்கிச் சேமித்து, இலையுதிர்காலத்தில், சரியாக மீன்கள் ஆறேறும் பருவத்தில், இயற்கையாக இருந்திருக்க வேண்டியதைவிடச் சூடான நீரைக் கீழே அனுப்பின. அவற்றின் மேற்பரப்பில் நச்சுப்பாசி படர்ந்தது. அடிநீரில் கோடைதோறும் பிராணவாயு வற்றியது. சூடு பழக்கமான கதை இதுவே.

நீர் குறைந்த கதை அண்மையது. 2001இல் கடும் வறட்சி. சக்கர் மீன்களையும் கோஹோ சால்மனையும் காக்கும் சட்டக் கடமையால் அவ்வாண்டு ஏப்ரலில் பெரும்பாலான வயல்களுக்குப் பாசன நீர் நிறுத்தப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைக் குடும்பங்கள் தவித்தன. கோபங்கொண்டவர்கள் மதகுகளைப் பலவந்தமாகத் திறந்தார்கள். அரசு கொடுத்த நிலத்தில், அரசு வாக்களித்த நீரை நம்பி உழுதவர்களின் கோபம் அது. அதை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. ஆனால் 2002 மார்ச்சில் உள்துறை அமைச்சர் கேல் நார்ட்டனே நேரில் வந்து மதகைத் திறந்துவைத்தபோது, அந்த நீர் யாருடைய பங்கிலிருந்து எடுக்கப்படுகிறது என்ற கேள்வி மேடையில் எழவில்லை. ஆறு மாதம் கழித்து ஆற்றின் மறுமுனையில் விடை வந்தது.

அந்த மறுமுனையில் வாழ்பவர்கள் யூரோக் மக்கள். அவர்கள் வரலாற்றை அறியாமல் 2002ஐப் புரிந்துகொள்ள இயலாது. 1933இல் கலிபோர்னியா அவர்களுடைய வணிக மீன்பிடிப்பைத் தடைசெய்தது. 1969இல் ரேமண்ட் மாட்ஸ் என்னும் யூரோக் மீனவரின் வலைகள் பறிமுதலாயின. அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, அந்த ஆற்றங்கரை பூர்வகுடி நிலமே என்ற தீர்ப்பை 1973இல் பெற்றது. அதற்குப் பின்னும் 1978இல் மத்திய அரசு மீன்பிடிக்கத் தடை விதித்து, ஆயுதம் தாங்கிய காவலர்களைப் படகுகளில் அனுப்பியது. இத்தனை போராடி மீட்ட உரிமை ஏட்டில் அப்படியே இருக்க, அந்த உரிமைக்குப் பொருளாக இருந்த மீன் அவர்கள் கண்முன்னே அழுகி மிதந்தது. அணைகளை அகற்றும் கோரிக்கை இயக்கமாக வலுத்தது அந்த நாற்றத்துக்குப் பிறகுதான் எனலாம்.

அடுத்த இருபது ஆண்டுகளை விரைந்து கடப்போம். கிளாமத்தின் பெரிய கிளையாறான ட்ரினிட்டியின் அணையிலிருந்து கோடை இறுதியில் குளிர்நீரைத் திறந்துவிடும் வழக்கம் 2003இல் தொடங்கியது. 2014இல் இக் மீண்டும் தலைகாட்டியபோது கூடுதல் நீர் விடப்பட்டது, பேரழிவு நேரவில்லை. பெரிய மீன்கள் இவ்வாறு தப்பினாலும் குஞ்சுகளை வேறோர் ஒட்டுண்ணி வாட்டியது. செரடோனோவா ஷாஸ்டா என்று பெயர். ஆற்றடியில் வாழும் நுண்புழு ஒன்றுக்குள் வளர்ந்து அங்கிருந்து மீனுக்குத் தாவுவது. வெள்ளம் அடித்துப் புரட்டாத, அணைக்குக் கீழான ஆற்றுப்படுகை அப்புழுவுக்கு உகந்த வீடு. 2014இல் சோதிக்கப்பட்ட சினூக் குஞ்சுகளில் 81 விழுக்காடும், 2015இல் 91 விழுக்காடும் தொற்றுக்கு ஆளாகியிருந்தன.

2022 நவம்பரில் அணைகளை அகற்ற இறுதி அனுமதி கிடைத்தது. அதற்குச் சில மாதங்கள் முன், 2022 ஆகஸ்டில், ஆறு இன்னொரு பாடத்தையும் காட்டியிருந்தது. மெக்கின்னி காட்டுத்தீ எரித்த சரிவுகளில் பெய்த மழை, சாம்பலும் சேறுமாக ஆற்றில் இறங்கியது. காருக் பூர்வகுடியினரின் அளவுக்கருவி சியாட் பள்ளத்தாக்கில் பிராணவாயு பூச்சியத்துக்கு வீழ்ந்ததைப் பதிவு செய்தது. அங்கே நோய்க்கு வேலையே இருக்கவில்லை; மீன்கள் நேரடியாக மூச்சடைத்துச் செத்தன. அணை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சூடேறும் உலகின் காடுகள் எரியத்தான் போகின்றன என்பதால், அணை அகற்றத்தை எல்லாம் தீர்க்கும் மருந்தாகப் பேசுவோரோடு நாம் முழுதும் உடன்பட இயலவில்லை.

இரண்டாம் காப்கோ 2023இலும், மற்ற மூன்றும் 2024இலும் அகற்றப்பட்டன. வேலை நிறைவடைந்து இரண்டே வாரத்தில், 2024 அக்டோபர் நடுவில், ஓரிகனின் ஓர் ஓடையில் சினூக் சால்மன் காணப்பட்டது. 1912க்குப் பிறகு அங்கே அதுவே முதல்முறை. 2025 இலையுதிர்காலத்தில் மீன்கள் இன்னும் மேலேறி, எஞ்சியிருக்கும் இரு சிறு அணைகளின் மீன்வழிகளையும் கடந்து, மேல் கிளாமத் ஏரியைத் தொட்டன. கோடையில் பாசி அழுகிப் பிராணவாயு வற்றும் அதே ஏரிதான். ஆனால் அவை வந்தது அக்டோபரில். நீர் குளிரத் தொடங்கியிருந்தது. ஏரிக்கு அப்பால் வில்லியம்சன், ஸ்ப்ரேக் ஆறுகளில் அவற்றைக் கண்டவர்கள், சால்மனைப் பாட்டன்மார் கதைகளில் மட்டுமே கேட்டு வளர்ந்த கிளாமத் மக்கள்.